களையெடுக்கும் பவர் வீடரை சர்வீஸுக்கு விடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்: 4,850 ரூபாய் போச்சு

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். எஞ்சினில் நட் கழலாமல் இருக்க என்ன செய்யணும் என்பதையும் கடைசியில் சொல்கிறேன். முதலில் 4,850 ரூபாய் எப்படிப் போனது என்று கேளுங்கள்.

என்னிடம் இருப்பது 163 சிசி பெட்ரோல் எஞ்சின் வைத்த பவர் வீடர். கத்திரித் தோட்டத்தில் ஓட்டும்போது பிளைவீல் பக்கம், அதாவது எஞ்சினோடு சேர்ந்து சுற்றும் கனமான சக்கரத்தின் பக்கம், கடகடவென்று சத்தம். அணைத்துவிட்டு மறுபடி கயிறை இழுத்தால் கையை வெடுக்கென்று பிடுங்கியது. திறந்து பார்த்தால் பிளைவீல் நட் விரலால் சுற்றும் அளவுக்குக் கழன்றிருந்தது. சின்ன எஞ்சின்கள் மட்டும் பார்க்கும் ஒரு சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோனேன். பெயர் வேண்டாம். போர்டு பெரிதாக இருக்கும், அவ்வளவுதான்.

கடைக்காரர் உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தார். பிறகு வகுப்பே எடுத்தார். "பிளைவீலப் பிடிச்சு வச்சிருக்கிறது கீங்கிற சின்ன இரும்புத் துண்டு இல்லண்ணே, கிராங்க் தண்டோட கூம்பு முனை, அதான் டேப்பர். கீ டைமிங்குக்கு மட்டும்தான். டேப்பர்ல துளி எண்ணெய் இருந்தாலும் பிடிப்பு போயிடும். நல்லாத் துடைச்சு, புதுக் கீ போட்டு, மரையில நட்டைக் கழலாமப் பிடிக்கிற நீலக் கலர் திரெட் லாக் பசை ஒரு சொட்டு விட்டு, அளவு பார்த்து முறுக்குற டார்க் ரெஞ்ச்ல 75 நியூட்டன் மீட்டர் வச்சு முறுக்கினா, அப்புறம் அது ஏண்ணே கழலுது?" நீலப் பாட்டிலை எடுத்துக் குலுக்கியும் காட்டினார்.

சொன்னது அத்தனையும் சரி. இப்படிப் பேசுகிறவரை யார்தான் நம்பமாட்டார்கள்? புது நட், புதுக் கீ, திரெட் லாக், பிளைவீல் உரசியதால் ஸ்பார்க் கொடுக்கும் காயிலும் புதுசு, கூலி எல்லாம் சேர்த்து 4,850. பழைய சாமானைக் கேட்டேன். "குப்பைக்குப் போயிடுச்சுண்ணே" என்றார். பில்லுக்குப் பதில் ஒரு துண்டுச் சீட்டு.

தோட்டத்தில் இறக்கி ஒரு பாத்தி முடியவில்லை, அதே கடகட.

போன் போட்டேன். வண்டியில் இருக்கிறாராம், கூப்பிடுகிறேன் என்றார். கூப்பிடவில்லை. மறுபடி அடித்தால் பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கும் என்றார். நட் கழன்றதற்கும் பெட்ரோலுக்கும் என்னய்யா சம்பந்தம்? அடுத்து, வேலை பார்த்த பையன் லீவு. அதற்கும் அடுத்து, எஞ்சினே மட்டமான சரக்காம்! காசு வாங்கும்போது அது தெரியவில்லை போலிருக்கிறது. வாட்ஸப்பில் படம் அனுப்பினால் நீல டிக் மட்டும் விழுகிறது. திரெட் லாக்கில் காணாத நீலம்.

வேறு ஊரில் லேத் பட்டறை வைத்திருக்கும் ஒரு பெரியவர்தான் பிளைவீலை இழுத்துக் காட்டினார். பாதி வெட்டுப்பட்ட பழைய கீ அப்படியே இருந்தது. டேப்பர் முழுக்க எண்ணெய்ப் பிசுக்கு. மரையில் திரெட் லாக் விட்ட தடமே இல்லை. நட்டின் முனைகளில் உளி வைத்து அடித்த காயம், இதுதான் அவர்களுடைய டார்க் ரெஞ்ச். காயிலும் உரசல் கோடுகளோடு அதே பழைய காயில். எதையுமே மாற்றாமல் 4,850 ரூபாய்! நல்லவேளை, டேப்பரில் லேசான கீறல்தான். வால்வுக்குப் போடும் கிரைண்டிங் பேஸ்டை வைத்துப் பெரியவர் சரிசெய்தார். இன்னும் கொஞ்சம் ஓட்டியிருந்தால் கிராங்கையே மாற்ற வேண்டியிருந்திருக்கும்.

சரி, சொன்ன ஆலோசனைக்கு வருகிறேன். விரிவாக எழுத இப்போது பொறுமை இல்லை. வேலை நடக்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். பழைய சாமானை வாங்காமல் காசை நீட்டாதீர்கள். உளியை எடுத்தால் வண்டியைத் திருப்பிக் கொண்டுவந்துவிடுங்கள். திரெட் லாக் விடுவதாக இருந்தால் மரையில் எண்ணெய் இருக்கக் கூடாது, ஒரு நாள் காய விடணும். சிவப்புக் கலர் வேண்டாம், சூடு காட்டாமல் பிறகு கழற்ற முடியாது. சைலன்சருக்கு நைலான் வைத்த நட் போட்டால் ஒத்துக்கொள்ளாதீர்கள், சூட்டில் நைலான் இளகிவிடும். முழு இரும்பு லாக் நட் கேளுங்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அடித்துப் புகார் கொடுத்திருக்கிறேன். பில் இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்டார்கள். கையில் இருப்பது 4,850 என்று கிறுக்கிய அந்தத் துண்டுச் சீட்டுதான், அதில் கடைப் பெயர்கூட இல்லை.