1.1.1.3: ராத்திரி போனுக்கு ஒரு தாழ்ப்பாள்

காசிமேட்டிலும் பழைய வண்ணாரப்பேட்டையிலும் ஒற்றை அறை வீடுகளில் பதினொரு மணிக்கு லைட்டை அணைத்த பிறகு வெளிச்சம் வருவது தலைமாட்டில் இருக்கும் போனிலிருந்துதான். பக்கத்தில் ஆள் இருந்தால் போன் மொட்டை மாடிக்குப் போகும். கண்களின் இச்சையோடு போராடுகிற வாலிபனுக்கு அதுதான் ஆபத்தான நேரம். அந்த நேரத்துக்கு உதவும் என்று சொல்லி, கிளவுட்ஃபிளேர் என்ற இணைய நிறுவனம் 2020 ஏப்ரலில் கொடுத்த, ஆபாசத் தளங்களை மறிக்கும் இலவச குடும்ப டிஎன்எஸ் சேவையை சபை வாலிபர் கூட்டங்களில் தாராளமாகப் பரிந்துரைக்கலாம். ஆனால் அது எதைத் தடுக்கும், எதைத் தடுக்காது என்று தெரிந்துதான் போட வேண்டும்.

ஒரு தளத்தின் பெயரைத் தட்டினால், அதன் முகவரி என்ன என்று போன் முதலில் ஒரு டிஎன்எஸ் சர்வரைக் கேட்கும். 1.1.1.3 என்ற இந்த சர்வர், ஆபாசத் தளம் என்று தெரிந்தால் 0.0.0.0 என்று பொய் முகவரி கொடுத்துவிடும். பக்கம் திறக்காது. வைரஸ் தளங்களையும் இதே மாதிரி மறிக்கும். போனின் வேகம் குறையாது, ஆப் எதையும் இறக்க வேண்டியதில்லை.

ஆண்ட்ராய்டு 9 அல்லது அதற்கு மேல் உள்ள போனில் செட்டிங்ஸ் திறந்து, மேலே தேடும் இடத்தில் 'பிரைவேட் டிஎன்எஸ்' என்று தேடுங்கள். கம்பெனிக்குக் கம்பெனி அது வேறு வேறு இடத்தில் இருக்கும், அதனால் தேடுவதே சுலபம். 'ஹோஸ்ட்நேம்' என்பதைத் தேர்ந்தெடுத்து, ஃபேமிலி, புள்ளி, கிளவுட்ஃபிளேர், நடுவில் ஒரு சிறு கோடு, டிஎன்எஸ், புள்ளி, காம் என்று ஆங்கிலச் சின்ன எழுத்தில் இடைவெளி விடாமல் அடித்து சேவ் பண்ணவும். எண்ணை அங்கே அடித்தால் எடுக்காது. ஒரு எழுத்து தப்பினாலும் சர்வரை அணுக முடியவில்லை என்று சொல்லி நெட்டே நின்றுவிடும். பயப்படாமல் எழுத்தைச் சரிபாருங்கள். ஒருமுறை போட்டால் இரண்டு சிம்முக்கும் வைஃபைக்கும் சேர்த்துப் பொருந்தும். வீட்டு ரவுட்டரில் போடுவதானால் 1.1.1.3, 1.0.0.3 என்று எண்ணாகவே போடலாம். ஆனால் வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவுக்குப் போனால் அந்தக் காவல் முடிந்தது. போனில் போடுவதே மேல்.

இனி ஓட்டைகள். இது தளத்தின் பெயரைத்தான் பார்க்கிறது, உள்ளே ஓடுவதைப் பார்ப்பதில்லை. இன்ஸ்டாகிராம் ரீல்ஸ், யூடியூப் ஷார்ட்ஸ், டெலிகிராம் சேனல் எல்லாம் தாராளமாக உள்ளே வரும். பல வீடுகளில் சோதனை தொடங்குவது கெட்ட தளத்தில் அல்ல, ஐந்தாவது ரீலில்தான். ரம்மி, பெட்டிங் எதையும் இது மறிக்காது. நெட்டை வேறு சர்வர் வழியாகத் திருப்பிவிடும் விபிஎன் ஆப் போட்டால் மொத்தமும் வீண். ரீல்ஸுக்கு டைமர் வைக்கலாமே என்றால், ஆண்ட்ராய்டின் ஆப் டைமர் நள்ளிரவு 12 மணிக்குப் புதிதாகக் கணக்கைத் தொடங்கும்! எந்த நேரத்தில் பூட்டு வேண்டுமோ அந்த நேரத்தில் திறந்து கொடுக்கிறது. இதைத் தெரியாமல் அதை நம்பியிருக்கிறவர்கள் உண்டு.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஓட்டை, இதை அணைக்க நான்கு தட்டு போதும். ஆப் லாக் வசதி இருந்தால் செட்டிங்ஸுக்குத் தனி பின் நம்பர் போட்டு, அந்த எண்ணை சபையில் நம்பிக்கையான ஒரு அண்ணனிடம் கொடுக்கவும். பெண்கள் என்றால் ஒரு அக்காவிடம். மனைவியிடம் கொடுப்பது சரியாக வராது, அவரைக் காவல்காரியாக்கி வீட்டில் சண்டைதான் வளரும். அந்த அண்ணன் வாரம் ஒருமுறை, ஆராதனை முடிந்ததும் தனியாகக் கூப்பிட்டு மூன்று கேள்வி கேட்டால் போதும்: "தம்பி, இந்த வாரம் விழுந்தியா? எந்த ராத்திரி? அன்னைக்குப் பகல்ல என்ன நடந்தது?" மூன்றாவதில்தான் விஷயம் இருக்கிறது. வீட்டில் சண்டை, நைட் ஷிப்ட் மாறிய வாரம், சம்பளம் வந்த நாள், சும்மா இருந்த ஒரு விடுமுறை மாலை என்று ஒரு மாதத்தில் வழித்தடம் தெரிந்துவிடும். தாவீதும் யுத்தகாலத்தில் எருசலேமில் தங்கிவிட்ட ஒரு சாயங்காலம்தான் படுக்கையிலிருந்து எழுந்து உப்பரிகையில் உலாவினான், அங்கிருந்து பத்சேபாளைப் பார்த்துத்தான் விழுந்தான். "விழித்திருந்து ஜெபம்பண்ணுங்கள்" என்று கெத்செமனேயில் ஆண்டவர் சொன்னதும் தூக்கம் மிகுந்த சீஷர்களிடம்தான். களைப்புக்கும் விழுகைக்கும் உள்ள உறவை 1.1.1.3 மாதிரியான தடுப்பு எதுவும் கவனிக்காது.

சார்ஜரை அடுப்படிப் பக்கம் மாற்றி, காலை ஜெபத்துக்கு எழுப்ப ஒரு சாதாரண டேபிள் அலாரம் வாங்கிவிட்டால் போன் தலைமாட்டில் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. 1.1.1.3க்கு 5க்கு 3 மதிப்பெண். சார்ஜர் மாற்றமும் அலாரமும் அண்ணனிடம் கொடுத்த பின் நம்பரும் சேர்ந்தால் 4.

ஒரு எச்சரிக்கை. நம்பர் கேட்டு லாகின் பண்ணச் சொல்கிற பொது வைஃபையில் சில நேரம் இது பக்கத்தைத் திறக்க விடாது. அங்கே ஆஃப் பண்ணினால், வெளியே வரும்போதே மறுபடி ஆன் பண்ணிவிடுங்கள். போனை ரீசெட் பண்ணினாலும் புதிதாகப் போட வேண்டும்.