லீவர் ரைஃபிள்: எந்தத் தோட்டா கட்டுப்படியாகும்?

வேலைக்காலம் பெரும்பாலும் டெக்சாஸில் போனது. ஓய்வு பெற்றதும் சுங்கை சிப்புட்டுக்கே திரும்பி வந்துவிட்டேன். இப்போது என் அக்கா மகன் ஹூஸ்டனில் இருக்கிறான். கிரீன் கார்டு கைக்கு வந்ததும் கேட்டான்: "மாமா, லீவர் ரைஃபிள் ஒன்று வாங்கலாம் என்று இருக்கிறேன். எந்தத் தோட்டாவுக்கு வாங்குவது? வீட்டில் ரீலோட் செய்தால் எது மலிவு?" லீவர் ரைஃபிள் என்றால் விசைக்குக் கீழே உள்ள நெம்புகோலை இழுத்துத் தோட்டா ஏற்றும் ரைஃபிள்; ரீலோட் என்றால் சுட்ட தோட்டாவை மறுபடி நிரப்புவது. ஃபோனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை இது. அவனைப் போல நம் ஊர்ப் பிள்ளைகள் அங்கே பலர் இருக்கிறார்கள் என்பதால் இங்கே எழுதுகிறேன். கிரீன் கார்டு வந்த பிறகு கேட்டது சரி. வேலை விசாவில் இருப்பவருக்கு அங்கே துப்பாக்கி விஷயத்தில் தடை உண்டு, வேட்டை லைசென்ஸ் போன்ற சில விதிவிலக்குகள் தவிர.

மலேசியாவிலிருந்து படிப்பவர்களுக்கு ஒன்று. நமக்கு 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இருக்கிறது. லைசென்ஸ் இல்லாமல் ஒரே ஒரு தோட்டா பையில் இருந்தாலும் குற்றம்தான். தோட்டா தயாரிப்பதை நினைத்தே பார்க்க வேண்டாம். நான் எழுதுவது முழுக்க அமெரிக்காவில் சட்டப்படி நடக்கும் காரியம். 1948 ஜூன் 16ஆம் தேதி துரைமார் மூவர் சுடப்பட்டு அவசரகாலம் தொடங்கியது எங்கள் சுங்கை சிப்புட்டில்தான். துப்பாக்கிப் பேச்சை இந்த ஊர்ப் பெரியவர்கள் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. நானும் அப்படித்தான் வளர்ந்தேன்.

செலவு பார்த்துச் சுடும் பழக்கம் எனக்குப் பெரியப்பாவிடமிருந்து வந்தது. தோட்டத்தில் கிராணியாக இருந்தவர். இளம் செம்பனைக் கன்றின் குருத்தைத் தின்ன வரும் காட்டுப்பன்றிக்காக லைசென்ஸ் எடுத்து ஒரு செனாபாங் பாத்தா (நடுவில் மடித்துத் தோட்டா போடும் துப்பாக்கி) வைத்திருந்தார். லைசென்ஸில் எழுதிய கணக்குக்கு மேல் தோட்டா வைத்திருக்க முடியாது. அதனால் பன்றி பக்கவாட்டில் திரும்பி நிற்கும்வரை அவர் விரல் விசைக்குப் போகாது. "வெடிச்சா விழணும், இல்லன்னா வெடிக்கக் கூடாது" என்பார். டெக்சாஸில் எத்தனை தோட்டா வேண்டுமானாலும் வாங்கலாம் என்றபோதும் அந்தப் பேச்சு என் காதில் இருந்தது. ஆனால் குறி பழக வேண்டுமென்றால் நிறையச் சுட்டே ஆக வேண்டும். கேலிபர் (தோட்டா அளவு) தேர்வு முக்கியமாவது அந்த இடத்தில்தான்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: சுட்டு முடித்த தோட்டாவில் பித்தளைக் கூடு மிஞ்சும். அதைப் பழைய அளவுக்கு அமுக்கி, அடியில் பொறி கொடுக்கும் பழைய பிரைமரைத் தட்டி எடுத்துப் புதியதை வைத்து, வெடிமருந்து அளந்து கொட்டி, மேலே குண்டை அழுத்தினால் மறுபடியும் ஒரு தோட்டா. இருப்பதில் விலை கூடியது கூடு. அது திரும்பத் திரும்பப் பயன்படுவதால்தான் மிச்சமே வருகிறது. லீவர் ரைஃபிளில் கூடுதல் வசதி ஒன்று: நெம்புகோலை மெதுவாக இழுத்தால் கூடு காலடியிலேயே விழும், பொறுக்கிக்கொள்ளலாம். தானியங்கித் துப்பாக்கி பத்தடி தள்ளிப் புல்லுக்குள் எறிந்துவிடும்.

நான் வைத்திருந்தவை இரண்டு ரைஃபிள்: .357 மேக்னம் என்ற தோட்டாவுக்கான மார்லின் 1894, 30-30 என்ற தோட்டாவுக்கான மார்லின் 336. கூட வேலை பார்த்த நண்பர் ஒருவரிடம் 45-70 என்ற பெரிய தோட்டாவுக்கான மார்லின் 1895 இருந்தது. அவருக்கு நான்தான் தோட்டா நிரப்பித் தருவேன்.

கணக்கைப் பார்ப்போம். மருந்தையும் குண்டையும் கிரெயின் என்ற சிறு எடையில் அளப்பார்கள், ஒரு பவுண்டுக்கு 7000 கிரெயின். .357 ரைஃபிளிலேயே சுடக்கூடிய குட்டைத் தோட்டாவான .38 ஸ்பெஷலுக்கு இலகுவான மருந்து நாலரை கிரெயின் அளவில் போதும், ஒரு பவுண்டில் ஆயிரத்து ஐந்நூறு தோட்டா தாண்டும். .357ஐ முழு வேகத்தில் நிரப்பினால் 15 கிரெயின் அளவு, நானூற்றுச் சொச்சம். 30-30க்கு 32 என்று வைத்தால் இருநூற்றுச் சொச்சம். 45-70க்கு 45 என்று வைத்தால் 155தான். இவை பணக்கணக்குக்கு மட்டும். நிரப்பும்போது அந்தந்த மருந்துக்கான கையேட்டைத் திறந்து வைத்துக்கொண்டுதான் அளக்க வேண்டும். 45-70க்கு இதில் தனிக் கவனம் வேண்டும். அமெரிக்க ராணுவம் 1873இல் ஏற்ற தோட்டா அது. பழைய ஸ்பிரிங்ஃபீல்டு ராணுவ ரைஃபிளுக்கு ஒரு அழுத்தம், மார்லினுக்கு ஒன்று, இன்னும் வலுவான ரைஃபிளுக்கு ஒன்று என்று கையேடுகள் மூன்று படியாகப் பிரித்துத்தான் அச்சிடுகின்றன.

மருந்து பவுண்டு 40 டாலர், பிரைமர் ஒன்று 8 சென்ட் என்று வைத்துக்கொள்வோம். (2020க்கு முன்பு பிரைமர் இதில் பாதிகூட இல்லை. தட்டுப்பாடு வந்து ஏறியது, பழைய விலைக்கு இறங்கவே இல்லை.) .38க்கு வார்ப்பு ஈயக் குண்டு 11 சென்ட் என்றால் மொத்தம் 22 சென்ட்டில் முடியும். அதே குண்டோடு முழு வேக .357 என்றால் 28. 30-30க்குச் செம்பு உறை போட்ட குண்டு 33 சென்ட் என்றால் மொத்தம் 59. 45-70க்குக் குண்டு 38 என்று வைத்தால் 72. கூடு ஏற்கெனவே கையில் இருக்கிறது என்ற கணக்கு இது.

இங்கேதான் பலரும் தடம் மாறுகிறார்கள். கடையில் பெட்டியாக வாங்கினால் 45-70 தோட்டா ஒன்று இரண்டு டாலருக்கு மேல் போகும். வீட்டில் 72 சென்ட் என்றால் ஒன்றுக்கு ஒன்றேகால் டாலருக்கு மேல் மிச்சம். .38இல் மிச்சம் கால் டாலர்கூட இருக்காது. "அப்படியானால் 45-70தானே லாபம்?" என்று மருமகனும் கேட்டான். மிச்சம் வேறு, செலவு வேறு. ஒரு சனிக்கிழமை நூறு தோட்டா சுட்டால் .38க்கு 22 டாலர் போகும், 45-70க்கு 72 டாலர். மாதச் சம்பளத்தில் பொழுதுபோக்குக்கு ஒதுக்குகிறவர் பார்க்க வேண்டியது பையிலிருந்து போகிற பணத்தை. ஏற்கெனவே 45-70 வைத்திருப்பவர் ரீலோட் செய்யாமல் இருப்பது வீண்தான், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ரீலோட் செய்தால் மலிவாகிவிடும் என்று நம்பி அதை வாங்கப் போகக் கூடாது. தோளுக்கும் ஒரு கணக்கு உண்டு: 405 கிரெயின் குண்டை இருபது முறை சுட்ட பிறகு நண்பர் துப்பாக்கியை மெத்தையில் வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விடுவார்.

ஈயத்தை உருக்கி நீங்களே வார்க்கிறீர்கள் என்றாலும் சிறியதுதான் சிக்கனம். .357க்கு வழக்கமான 158 கிரெயின் குண்டு ஒரு பவுண்டு ஈயத்தில் 44 வரும். .44 மேக்னத்தின் 240 கிரெயின் என்றால் 29. 45-70க்கு 17தான்.

சரி, பணத்தை விட்டு வேலைக்கு வருவோம். எனக்கு இது பணத்தைவிடப் பெரிய விஷயம். .357, .44 மேக்னம், .45 கோல்ட் இவையெல்லாம் நேர்க்குழாய்க் கூடுகள். கார்பைடு வளையம் வைத்த டை (கூட்டைப் பழைய அளவுக்கு அமுக்கும் அச்சு) இருந்தால் எண்ணெய் எதுவும் தடவாமல் அப்படியே அமுக்கலாம். 30-30இன் கூடு கழுத்துக் குறுகியது. ஒவ்வொன்றுக்கும் மசகு தடவ வேண்டும், அமுக்கின பிறகு துடைக்க வேண்டும். தடவ விட்டுப்போன கூடு டைக்குள் இறுகிவிடும், பிறகு துளை போட்டு இழுத்துத்தான் எடுக்க வேண்டும். சில சுற்றுக்குப் பிறகு கூடு நீண்டுவிடும், அளந்து வெட்ட வேண்டும். அதன் கழுத்துத் தகடு வேறு மெலிசு. குண்டை வைக்கும்போது வாய் துளி சாய்ந்திருந்தால் போதும், டையைப் பொருத்தி அமுக்கும் கருவியான பிரஸ்ஸின் கைப்பிடியில் ஒரு மெத்தென்ற இறக்கம் தெரியும். எடுத்துப் பார்த்தால் தோளுக்குக் கீழே வளையமாகப் பிதுங்கியிருக்கும். அது துப்பாக்கியில் தோட்டா உட்காரும் அறைக்குள் போகாது. ஒரு மாலையில் .357 நிரப்புகிற எண்ணிக்கையில் பாதிகூட 30-30 நிரப்ப முடியாது. வேலை முடிந்து வந்து, சாப்பிட்டு, பிள்ளைகள் தூங்கின பிறகு கிடைக்கிற நேரம் அது. அதற்கும் ஒரு விலை உண்டு.

எல்லாத் தோட்டாவுக்கும் பொதுவான இரண்டு விஷயங்களை அவனிடம் அழுத்திச் சொன்னேன். பெரும்பாலான லீவர் ரைஃபிள்களில் தோட்டாக்கள் குழலுக்கு அடியிலுள்ள குழாய்க்குள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். முன்னால் உள்ளதன் பிரைமர் மீது பின்னால் உள்ளதன் மூக்கு முட்டிக்கொண்டிருக்கும். அதனால் கூர்மூக்குக் குண்டு கூடவே கூடாது, அதிர்ச்சியில் பிரைமர் வெடிக்கலாம். தட்டை மூக்குதான் வேண்டும். ஹார்னடி விற்கும் ரப்பர் போன்ற மென்நுனிக் குண்டு இதற்கென்றே செய்தது. ஆனால் .357, .44, 45-70 மூன்றிலும் அந்தக் குண்டோடு வரும் தோட்டாக்களின் கூடு வழக்கத்தைவிடக் குட்டை. மற்றக் கூடுகளோடு கலந்தால் வாய் மடிப்பு (குண்டைப் பிடிக்கக் கூட்டின் வாயை உள்ளே மடிப்பது) சரியாக விழாது, தனி டப்பாவில் போடவும். இரண்டாவது, அந்த வாய் மடிப்பு. குழாயின் ஸ்பிரிங் அழுத்துவதால் மடிப்பு உறுதியாக இல்லாவிட்டால் குண்டு கூட்டுக்குள் இறங்கிவிடும். அழுத்தம் எகிறும்.

.357க்கும் ஒரு ஆபத்து உண்டு. இலகுவாக நிரப்பும்போது நாலரை கிரெயின் மருந்து கூட்டின் அடியில் ஒரு சிட்டிகைதான். தெரியாமல் இரண்டு முறை கொட்டினாலும் இடம் இருக்கும், வழியாது. குண்டு வைப்பதற்கு முன் தட்டில் உள்ள எல்லாக் கூட்டுக்குள்ளும் டார்ச் அடித்து மட்டம் பார்க்க வேண்டும். பக்கத்தில் டிவி ஓடக் கூடாது, ஆள் பேசக் கூடாது.

.357 ரைஃபிளில் .38உம் சுடலாம் என்பது அதன் பெரிய கவர்ச்சி. 1935இல் .357 வந்தபோதே .38ஐ நீட்டித்தான் செய்தார்கள். ஆனால் குட்டையான .38ஐ நிறையச் சுட்டால் அறைக்குள் கரி வளையம் கட்டும். சுத்தம் செய்யாமல் .357 போட்டால் இறுகும். சில ரைஃபிள்கள் குட்டைத் தோட்டாவை மேலே தூக்கும்போது தடுமாறுவதும் உண்டு. அதனால் நான் .357 கூட்டிலேயே மருந்தைக் கொஞ்சமாக அளந்து நிரப்புவேன். செலவு கிட்டத்தட்ட அதேதான், கரித் தொல்லையும் இல்லை, ரைஃபிளும் வெண்ணெய் போல் ஓடும். முழு வேகத்தில் நிரப்பினால் அதே ரைஃபிள் வேறு முகம் காட்டும். ரிவால்வரில் வினாடிக்கு 1250 அடி ஓடும் 158 கிரெயின் குண்டு, பதினெட்டு அங்குலக் குழலில் 1700 அடியைத் தாண்டிவிடும். நூறு கஜத்துக்குள் பன்றிக்கு அது தாராளம். டெக்சாஸில் தனியார் நிலத்தில், உரிமையாளர் சம்மதத்தோடு காட்டுப்பன்றி சுட 2019 செப்டம்பரிலிருந்து வேட்டை லைசென்ஸ்கூட தேவையில்லை.

அப்புறம் ஏன் 30-30 வைத்திருந்தேன்? மானுக்காக. 1895இல் வந்த தோட்டா, இன்றும் 150 கஜத்தில் நம்பலாம். .357ஐ அந்தத் தூரத்தில் நான் நம்ப மாட்டேன். விலங்கை அரைகுறையாகக் காயப்படுத்தி ஓடவிடுவது பெரும் பாவம், அங்கே சென்ட் கணக்குப் பேசக் கூடாது. ஆனால் மான் பருவத்துக்கு ஒரு பெட்டியோ இரண்டு பெட்டியோ போதும். அதற்காக ஒரு டையும் மசகும் வாங்கி மெனக்கெடுவது அவரவர் விருப்பம். ஈயக் குண்டில் 30-30 சுட நினைப்பவர்கள் கவனிக்க வேண்டியது: வேகம் ஏறினால் குண்டின் அடியில் சிறு செம்புத் தட்டு வேண்டும். பழைய மார்லின்களின் மைக்ரோ குரூவ் குழலில் பள்ளங்கள் ஆழம் குறைவு, குண்டு கொஞ்சம் பருமனாக இருந்தால்தான் பிடிக்கும்.

.44 மேக்னம் நடுவில் நிற்கிறது. பன்றிக்கு .357ஐவிட நல்ல அடி, ஆனால் மருந்தும் ஈயமும் ஒன்றரை மடங்கு. கூட .44 ரிவால்வர் வைத்திருப்பவர் தயங்காமல் வாங்கலாம். .45 கோல்ட் பற்றி எனக்குப் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை.

ரைஃபிள் என்று பார்த்தால், மார்லினை 2020இல் ரூகர் வாங்கிவிட்டது, மாடல்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வருகின்றன. கைக்கு அடக்கமான விலையில் பிரேசிலின் ரோஸி ஆர்92 இருக்கிறது, பழைய வின்செஸ்டர் 1892இன் வழிவந்தது. ஹென்றியின் வேலைப்பாடு அழகு, எடை கொஞ்சம் கூடுதல். பக்கவாட்டுக் கதவு வைத்த மாடலாகப் பார்த்து வாங்கினால் தோட்டா போடுவது சுலபம்.

மருமகனுக்கு நான் சொன்னது இதுதான்: .357க்கு ரோஸியோ பழைய மார்லினோ, எது கைக்கு வருகிறதோ அதை எடு. ஒற்றைப் படி பிரஸ் ஒன்று, கார்பைடு டை செட், நல்ல தராசு, அச்சிட்ட கையேடு. முதல் பெட்டியைக் கடையில் வாங்கு, ஒரு கூட்டையும் விடாதே. ரேஞ்சில் ரிவால்வர் சுடுகிறவர்களில் பலர் ரீலோட் செய்வதில்லை, கூட்டை அப்படியே விட்டுப் போவார்கள். ரேஞ்ச் பொறுப்பாளரிடம் கேட்டுவிட்டு எடுத்துக்கொள். வீட்டுக்கு வந்ததும் .38ஐயும் .357ஐயும் முதலில் பிரித்துவிடு, கலந்து கிடந்தால் டை அளவை மாற்றி மாற்றி வைத்தே இரவு போய்விடும்.