குழாய் வைத்த பையா, பாட்டிலா? பல நாள் மலை நடைக்குத் தண்ணீர்

மலையேறத் தண்ணீர் பாட்டிலோ பையோ வாங்கும்போது, குடிக்கச் சுலபமா என்றுதான் எல்லோரும் பார்க்கிறார்கள். பல நாள் நடைக்கு என்றால், நிரப்பச் சுலபமா என்று முதலில் பாருங்கள்.

குடிக்கும் சுகத்தில் பிளாடரை, அதாவது குழாய் வைத்த தண்ணீர்ப் பையை, மிஞ்ச ஆளில்லை. 1980-களின் கடைசியில் டெக்சாஸில் மைக்கேல் ஐட்சன் என்பவர், வெயிலில் நடந்த ஒரு சைக்கிள் பந்தயத்துக்காக, மருத்துவமனை டிரிப்ஸ் பையைக் காலுறைக்குள் திணித்து முதுகில் கட்டிக்கொண்டார். கேமல்பேக் என்ற பிளாடர் பிராண்ட் பிறந்த கதை அது. நிற்காமல், கையை எடுக்காமல் ஒவ்வொரு மடக்காகக் குடிக்கலாம். தண்ணீரின் கனமும் முதுகோடு ஒட்டி நிற்கும்.

நிரப்பும்போதுதான் வினை. ஓடைக் கரையில் பேக்பேக்கைத் திறந்து, ஜெர்க்கினையும் சாப்பாட்டையும் வெளியே எடுத்து வைத்துப் பையை உருவ வேண்டும். நிரப்பிய பிறகு அது குண்டாகிவிடும்; துணிகளுக்கு நடுவே திரும்ப நுழையாது. எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது. குழாய் காற்றை உறிஞ்சும்போதுதான் காலி என்று புரியும். ஓஆர்எஸ் கரைத்தால் குழாயின் உள்பக்கம் பிசுபிசுத்து நாறும். காலையில் நிரப்பினால் சாயங்காலம் வரை தண்ணீரே கிடைக்காத ஒரு நாள் நடைக்கு பிளாடர் சரி. ஐந்து நாள் நடைக்கு நான் எடுக்க மாட்டேன்.

கடையில் வாங்கும் ஒரு லிட்டர் மெல்லிய பிளாஸ்டிக் (பெட்) பாட்டில் எடையில் ஜெயிக்கிறது. காலியாக 40 கிராம்கூட வராது. டிரைட்டான் என்ற கெட்டி பிளாஸ்டிக்கில் செய்த பாட்டில் சுமார் 180 கிராம், ஸ்டீல் அதற்கும் மேல். அமெரிக்காவின் பசிபிக் கிரெஸ்ட் பாதையில் மாதக்கணக்கில் நடப்பவர்கள் பெரும்பாலும் இந்த மெல்லிய பாட்டிலைத்தான் பையின் பக்கவாட்டில் சொருகுகிறார்கள். அதன் வாயிலேயே தண்ணீர் ஃபில்டரைத் திருகிக் குடித்துக்கொள்வார்கள். நம் ஊர் பாட்டில்களின் கழுத்து எல்லாம் ஒரே அளவில்லை. ஃபில்டர் வாங்குமுன் திருகிப் பார்த்துவிடுங்கள். இன்னொன்று, நீலகிரியில் ஐந்து லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை இருக்கிறது. அங்கே இந்தக் கணக்கு செல்லாது, ஸ்டீல்தான். கனம் என்று முனகிக்கொண்டே தூக்க வேண்டியதுதான்.

சுனைக்கும் சுனைக்கும் இடையே தூரம் அதிகமா? மடக்கும் இரண்டு லிட்டர் பை ஒன்றைக் கூடச் சேர்த்துக்கொள்ளுங்கள். காலியானால் சுருட்டி ஓரத்தில் வைத்துவிடலாம். தேவையில்லாத நேரத்தில் அதை நிரப்பாதீர்கள். ஒரு லிட்டர் என்பது முழுசாக ஒரு கிலோ.

பனி என்றால் கதையே வேறு. டிசம்பரில் உத்தராகண்டின் கேதார்கந்தா ஏறும்போது முதலில் உறைவது பிளாடரின் மெல்லிய குழாய்தான். பையில் இரண்டு லிட்டர் இருந்தும் ஒரு சொட்டு வாய்க்கு வராது. அங்கே அகன்ற வாய் உள்ள டிரைட்டான் பாட்டிலை விட்டால் வேறில்லை. அதைக் கூடாரத்தில் தலைகீழாக வையுங்கள். பனிக்கட்டி மேலிருந்து கட்டத் தொடங்கும் என்பதால் இப்போது மேலே இருக்கும் பாட்டிலின் அடிப்பக்கம்தான் உறையும், மூடிப்பக்கம் தண்ணீராகவே இருக்கும். இரவில் வெந்நீர் ஊற்றி, பாட்டிலுக்குக் காலுறையைப் போர்த்தி, தூங்கும் பைக்குள் (ஸ்லீப்பிங் பேக்) வைத்தால் கால் மாட்டில் கணகணப்பாக இருக்கும், காலையில் குடிக்கவும் ஆகும். பெட் பாட்டிலில் வெந்நீர் ஊற்றினால் சுருங்கிக் கோணிப்போகும்.

ஃபில்டரையும் அதே தூங்கும் பைக்குள் போட்டுக்கொள்ளுங்கள். மெல்லிய இழைக் குழல்கள் உள்ள வகை ஒரு தடவை பயன்படுத்தியதும் உள்ளே ஈரம் தங்கும். அது உறைந்தால் இழை விரிசல் விடலாம். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது, தண்ணீரும் வழக்கம்போல வந்துகொண்டிருக்கும், கிருமியும் கூடவே வரும்.