அபாக்காத் தாள் திருகோணமலைக் காற்றுக்குத் தாங்குமா?

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். லினோ அச்சு, மர அச்சு, இந்தியன் இங்க், ஒட்டுச்சித்திரம் செய்கிறவர்கள் அபாக்காத் தாளை யோசிக்காமல் வாங்கலாம். நீர்வர்ணத்துக்கென்று வாங்குகிறவர்கள் தாளோடு ஒரு நாள் வேலையையும் சேர்த்து வாங்குகிறார்கள். எண்ணெய் வர்ணக்காரருக்கு இது தேவையே இல்லை.

அபாக்கா வாழை இனம், பிலிப்பைன்ஸ் மண்ணின் சொந்தப் பயிர். கட்டண்டுவானெஸ் தீவில்தான் அதிகம் விளைகிறது. பழத்துக்காக யாரும் வளர்ப்பதில்லை. தண்டின் மடலிலிருந்து உரிக்கும் தும்புதான் சரக்கு. உப்புத்தண்ணீரில் கிடந்தும் எளிதில் உக்காத மணிலாக் கயிறு இந்தத் தும்பில் திரித்ததுதான். தேநீர்ப் பை கொதிநீரில் பிய்ந்து போகாததற்கும் இந்த நீளத் தும்பு ஒரு காரணம். அந்தக் குணம் தாளிலும் அப்படியே இருக்கிறது. நனைந்த மெல்லிய தாளை இரண்டு மூலையில் பிடித்துத் தூக்கலாம். அச்சுக் கட்டையின் மேல் போட்டுக் கரண்டியின் முதுகால் அழுத்தித் தேய்த்தாலும் கிழிவதில்லை.

கையால் செய்த தாள் என்பதால் ஒரே கட்டுக்குள்ளேயே தடிப்பு மாறும். கட்டில் எழுதியிருக்கும் கிராம் கணக்கை நம்ப வேண்டாம். ஏ4 அளவில் ஒரு துண்டு வெட்டி, நகைத் தராசில் நிறுத்து, 16 ஆல் பெருக்குங்கள். துண்டு 6 கிராம் என்றால் சதுர மீற்றருக்கு 96 கிராம். அச்சுக்கு இது தாராளம். நீர்வர்ணத்துக்கு இதைப் போல இரண்டு மடங்காவது வேண்டும்.

அடுத்தது பசைச் சோதனை. ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். ஒரு நிமிடம் முத்தாக நின்றால் பசையேற்றிய தாள். விட்டவுடனே உறிஞ்சினால் வெறும் தாள்; அதில் தூரிகை வைத்தால் நிறம் தும்பின் வழியே ஓடி, கோட்டுக்கு மயிர் முளைத்தது போல் ஆகிவிடும். விற்பனைக்கு வருவதில் இந்த வெறும் தாள் நிறைய.

பசையேற்ற ஜெலட்டின் நல்லது. ஒரு லீற்றர் தண்ணீருக்கு 25 கிராம். அரை மணி நேரம் பச்சைத் தண்ணீரில் ஊறவிட்டு, பிறகு சுடுதண்ணீர்ச் சட்டிக்குள் அந்தப் பாத்திரத்தை வைத்து 50 முதல் 60 பாகைக்குள் சூடாக்குங்கள். கொதித்தால் பசையின் பிடிமானம் போய்விடும். தாளைத் தனியாக முக்காமல் நுளம்புவலைத் துண்டொன்றின் மேல் கிடத்தி, வலையோடு இறக்கி, வலையோடு தூக்குங்கள். பசை சூட்டில் ஊறிய தாள் தன் பாரத்திலேயே இழுபட்டு ஓரம் கோணும். வலை அதைத் தாங்கிக்கொள்ளும். படிகாரம் சேர்த்தால் பசை இறுகும், ஆனால் தாளில் அமிலம் ஏறும். சேர்க்காமல் விடுவதே மேல். அப்படி விட்டால், போட்ட நிறத்தை ஈரத் தூரிகையால் தேய்த்து எடுக்கும் வேலையைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

ஜெலட்டின் மிருகப் பொருள். சுவாமிப் படம் கீறுகிறவர்களும் ஹலால் பார்க்கிறவர்களும் சவ்வரிசிக் கஞ்சியை வடிகட்டிப் பூசலாம். பிடிமானம் கொஞ்சம் குறைவு. கரப்பானும் இராமபாணப் பூச்சியும் தேடி வரும்.

எந்த மாதத்தில் செய்வது என்பதில்தான் நம் ஊர் குறுக்கிடுகிறது. கச்சான் என்ற வரண்ட தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் மத்தியானம் செய்தால் ஓரம் முதலில் காய்ந்து சுருங்க, நடு ஈரமாகவே நின்று தாள் அப்பளமாகப் பொங்கும். காலையில், நிழலில், காற்று நேரே படாத இடத்தில் உலர்த்தி, அரைகுறை ஈரத்திலேயே இரண்டு பலகைக்கு நடுவே பாரம் ஏற்றுங்கள். வாடையோடு மழை தொடங்கிவிட்டால் பசைவேலையே வேண்டாம். காய்வதற்குள் பூஞ்சணம் பிடிக்கும்.

பலகையில் ஒட்டி இழுப்பதிலும் ஒரு சிக்கல். கூழை நெடுநேரம் அடித்துச் செய்த, வெளிச்சம் தெரியும் தாள் காயும்போது பலமாகச் சுருங்கும். 3 மில்லிமீற்றர் பிளைவுட் வளைந்துவிடும். 12 மில்லிமீற்றர் எடுங்கள். சட்டம் போடும்போது கண்ணாடி தாளைத் தொடக் கூடாது. கடற்காற்றின் உப்பு ஈரத்தை இழுக்கும். தொட்ட இடத்தில்தான் முதலில் புள்ளி விழும். வெளுக்காத பழுப்புத் தாளை வெயில் படும் சுவரில் மாட்டினால் நிறம் மாறும். எண்ணெய் வர்ணம் நேரே பட்டால் தாள் நொறுங்கத் தொடங்கும். ஜெஸ்ஸோ என்ற வெள்ளை அடிப்பூச்சைப் பூசி அதைத் தடுக்கலாம், ஆனால் அதற்குக் கன்வஸே மலிவு.

விலை அதிகம்தான், கூரியரும் வரியும் சேர்ந்தால் இன்னும் ஏறும். ஆனாலும் பிலிப்பைன்ஸில் தும்புக்கலைக்குப் பின்னால் சட்டம் நிற்கிறது. 1992 இல் வந்த குடியரசுச் சட்டம் 7355, மரபுக் கலைஞருக்குப் பட்டத்தோடு மாதாந்த உதவித்தொகையும் கொடுத்து, இளையவர்களுக்குக் கற்பிக்கும் கடமையையும் கட்டிவிடுகிறது. அபாக்கா நூலில் தினாலாக் துணி நெய்த டிபோலிப் பழங்குடிப் பெண் லாங் டுலாய் 1998 இல் அந்தப் பட்டம் பெற்றார். நம் கலாபூஷணம் விருதோடும் இப்படியொரு கடமையை இணைத்திருக்கலாம்.

வாங்குமுன் விற்பவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: பசையேற்றியதா, வெளுத்ததா, முழு அபாக்காவா அல்லது வேறு கூழ் கலந்ததா? மூன்றாவதற்கு மழுப்பினால் ஒரு தாள் மட்டும் எடுத்து, மூலையைக் கிழித்துப் பாருங்கள். நீளத் தும்பு இழையிழையாக நீட்டிக்கொண்டு வர வேண்டும். துண்டாக முறிந்தால் அந்த விலை கொடுக்க வேண்டாம்.