16 ஜீபி இருந்தும் ஒன்றரை ஜீபியில் முட்டினது

கொக்குவில் சினேகிதன் போன கிழமை கேட்டான்: "மச்சான், நீ நாலு வருசமா ஓபன்பிஎஸ்டி பாவிக்கிறாய். என்ரை பழைய லப்டொப்பிலையும் போடட்டோ?" ஓபன்பிஎஸ்டி என்பது விண்டோஸ், லினக்ஸ் மாதிரி ஒரு இயங்குதளம். மறுமொழி நீண்டு போனதால் இங்கேயே எழுதுகிறேன்.

பழைய கல்வெட்டுப் புத்தகங்களையும் கோயில் திருவிழா நோட்டீசுகளையும் ஸ்கான் பண்ணிக் கறை நீக்கிக் கொடுப்பதுதான் என் வேலை. ஏ3 நோட்டீஸ் ஒன்றை 600 டிபிஐயில் கலரில் எடுத்தால் ஒரு லேயரே 200 எம்பிக்கு மேல் வரும். ஐந்தாறு லேயர் சேர்ந்ததும், நினைவகம் ஒதுக்க முடியவில்லை என்று ஒரு வரியை விட்டுவிட்டு கிம்ப் என்ற படம் திருத்துகிற புரோகிராம் செத்துவிடும். 8 ஜீபி ராம் காணாதாக்கும் என்று கஸ்தூரியார் வீதியில் இன்னொரு 8 வாங்கிப் போட்டேன். அதே நோட்டீஸ், அதே லேயர், திரும்பவும் செத்தது.

அப்ப கேர்னலில், அதாவது இயங்குதளத்தின் கருவில்தான், பூட்டு இருக்கவேணும் என்று முடிவு கட்டினேன். சோர்ஸ் இறக்கி, ஜெனரிக்.எம்பி (GENERIC.MP) என்ற கேர்னல் அமைப்புக் கோப்பைப் பிரதி எடுத்து மாற்றி, இரண்டு இரவு கொம்பைல் பண்ணினேன். ஒருக்கால் பாதியில் கரண்ட் போய், முதலில் இருந்து. ஒரு பிரயோசனமும் இல்லை. 64 பிட் மெசினில் ஒரு புரோகிராமுக்குக் கேர்னல் விடுகிற எல்லை என் ராமை விட எவ்வளவோ மேலே. உண்மையான பூட்டு, லொகின்.கொன்ஃப் என்ற சின்ன எழுத்துக் கோப்பில். பாவனையாளர்களை வகுப்பு வகுப்பாய்ப் பிரித்து எல்லை வைக்கிற கோப்பு அது. டீஃபோல்ட் வகுப்பில் டேட்டாசைஸ், அதாவது ஒரு புரோகிராம் எடுக்கக்கூடிய நினைவகம், 1536 எம்பி. ஷெல்லில் யூலிமிட் என்ற கட்டளையால் கேட்டால் அதையே 1572864 என்று கிலோபைற்றில் சொல்லும். என்னை ஸ்டாஃப் வகுப்புக்கு மாற்றி, அதன் எல்லையை 6 ஜீபி ஆக்கி, வெளியேறித் திரும்ப லொகின் பண்ணினேன். பத்து நிமிச வேலை.

எல்லை வைத்தது சரிதான். ஒரு புரோகிராம் பிழையாகப் போனாலும் மெசின் முழுக்க விழாது; நாலு வருசத்தில் இது ஒருநாள்கூட உறைந்து நின்றதில்லை. ஆனால் எந்த எல்லையில் முட்டினது என்று சொல்லாமல் நினைவகம் இல்லை என்று மட்டும் சொன்னால், மனிசன் ராம் வாங்கத்தானே போவான்? இதை நினைத்தால் இண்டைக்கும் கோபம் வருது.

கேர்னலைத் தொடவேண்டாம், கூட வருகிற ஜெனரிக்கே போதும் என்று ஓபன்பிஎஸ்டி செய்தவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரு டிவைசை நிறுத்துவதற்குக்கூடக் கொம்பைல் தேவையில்லை, மெசின் எழும்பும்போது பூட் மைனஸ் சி (boot -c) என்று அடித்தால் போதும். 2017இல் வந்த 6.2 முதல், ஒவ்வொரு தடவை பூட் ஆகும்போதும் கேர்னலின் துண்டுகளை வேறு ஒழுங்கில் கோத்து, அடுத்த தடவைக்குப் புதுக் கேர்னல் ஒன்றை அதுவே செய்து வைக்கிறது. இதைச் செய்தவர்களைக் கும்பிடலாம்.

ஆனாலும் மச்சான், நீ போடாதை. புளூடூத் ஹெட்செட் இல்லாமல் உனக்கு இருக்கேலாது. ஓபன்பிஎஸ்டிகாரர் 2014இலேயே புளூடூத்தை எடுத்துப்போட்டினம். பிரவுசரும் இதே எல்லையில் முட்டும். நான் இதை விடமாட்டன், அது வேறை கதை. அந்த மேலதிக 8 ஜீபி இப்ப எனக்குத் தேவையில்லை. உன்ரை லப்டொப்பும் டிடிஆர்3 வகை ராம் எண்டால் வந்து எடுத்துக்கொண்டு போ.