லாயோலா, ஓப்பினெலா? பெயரை நம்பிக் கத்தி வாங்கலாமா

"ஒரு லாயோல் வாங்கினேன்" என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது "யார் செய்தது?" என்றுதான். ஓப்பினெல் என்றால் அந்தக் கேள்விக்கு வேலையில்லை, எத்தனையாம் நம்பர், அதாவது எந்த அளவு என்று கேட்டால் போதும். இரண்டுமே பிரெஞ்சு மடக்குக் கத்திகள், இரண்டு பெயரும் நம்ம ஜெராக்ஸ் மாதிரி வாயில் புழங்கிப் பழகியவை. ஆனால் ஒன்றுக்குச் சொந்தக்காரர் உண்டு, இன்னொன்றின் சொந்தக்காரர் யார் என்பதே வழக்காகிப் போனது.

லாயோல் என்பது தெற்குப் பிரான்சில் அவேரோன் பகுதியில் இருக்கும் ஒரு சின்ன ஊர். 19ஆம் நூற்றாண்டிலிருந்து அங்கே கத்தி செய்கிறார்கள், பெயரை யாரும் பதிந்து வைக்கவில்லை. மெல்ல அது ஒரு வடிவத்தின் பெயராகிவிட்டது: ஒல்லியான வளைந்த பிடி, ஸ்பிரிங் தலையில் ஒரு தேனீ. (அது தேனீயா ஈயா என்று இன்னும் சண்டை போடுகிறார்கள்.) பிரான்சிலேயே கத்தித் தொழிலுக்குப் பேர்போன தியேர் நகரத்துப் பட்டறைகளும் செய்தன, அப்புறம் சீனாவிலிருந்தும் வந்து குவிந்தன. 1993இல் ஊருக்குச் சம்பந்தமே இல்லாத ஒருவர் அந்தப் பெயரை வணிகச் சின்னமாகப் பதிவு செய்து, கத்தி மட்டுமல்லாமல் வேறு பொருள்களுக்கும் உரிமம் கொடுக்க ஆரம்பித்தார். 2012இல் ஊர் வழக்கில் தோற்றபோது, கோபத்தில் ஊர்க்காரர்கள் தங்கள் ஊர்ப் பெயர்ப்பலகையையே கழற்றிவிட்டார்கள்! 2019இல்தான் பாரிஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஊர்ப்பக்கம் திரும்பியது.

ஓப்பினெல் கதை இவ்வளவு சிக்கலில்லை. 1890இல் சவோய் மலைப்பகுதியில் ஜோசப் ஓப்பினெல் செய்ய ஆரம்பித்தது, 1909இல் கிரீடம் வைத்த கை முத்திரையைப் பதிந்தார்கள், 1989இல் லரூஸ் என்ற பிரெஞ்சு அகராதியிலேயே சொல் ஏறிவிட்டது. அப்படியும் பெயர் குடும்பத்தின் கையைவிட்டுப் போகவில்லை.

கையில் எடுத்தால்? ஓப்பினெல் 8ஆம் நம்பர் இறகு மாதிரி லேசு, அலகு எட்டரை சென்டிமீட்டர், கழுத்திலிருக்கும் வளையத்தைத் திருப்பினால் அலகு பூட்டிக்கொள்ளும். குறையும் உண்டு. மழைக்காலத்தில் பீச் மரப்பிடி ஊறி அலகு வெளியே வர அடம்பிடிக்கும், அப்போது பிடியின் அடிப்பக்கத்தை மேசையில் ஒரு தட்டுத் தட்டினால் முனை எட்டிப் பார்க்கும், சவோய்க்காரர்கள் கைப்பழக்கம் இது. கார்பன் ஸ்டீல் வாங்கி எலுமிச்சை நறுக்கினீர்கள் என்றால் அலகு கறுத்துவிடும், துடைத்து வையுங்கள். வழக்கமான லாயோலில் பூட்டே கிடையாது, ஸ்பிரிங் இறுக்கம் மட்டும்தான். நல்ல பட்டறையில் செய்தது மூடும்போது சொடுக்குகிற சத்தமே தனி சுகம், மட்டமானதில் அலகு இடவலம் ஆடும்.

அமெரிக்கர்கள் பூட்டுள்ள வேட்டைக் கத்தி எதையும் 'பக் நைஃப்' என்பார்கள், பக் கம்பெனியிலிருந்து 1964இல் வந்த பக் 110 மடக்குக் கத்திதான் காரணம். ஆனால் பித்தளை வைத்த அந்தக் கத்தி பாக்கெட்டைக் கீழே இழுக்கும் கனம். சுவிஸ் ஆர்மி கத்தியை விக்டோரினாக்ஸ், வெங்கர் என இரண்டு கம்பெனிகள் நெடுநாள் செய்தன. 2005இல் முதலாவது இரண்டாவதை வாங்கிவிட்டதால் அங்கே இப்போது குழப்பமில்லை.

முதல் மடக்குக் கத்தி என்றால் ஓப்பினெல் 8, துரு துடைக்கச் சோம்பல் என்றால் அதிலேயே ஸ்டெயின்லெஸ். லாயோல்தான் வேண்டுமென்றால் தேனீயைப் பார்க்காதீர்கள், அலகில் பொறித்திருக்கும் பட்டறைப் பெயரைப் படியுங்கள். வெறும் 'லாயோல்' என்று மட்டும் இருந்தால் கீழே வைத்துவிடுங்கள்.