சத்தமில்லாத கம்ப்யூட்டர்: திருவொற்றியூரில் மூன்று வருஷம்

எண்ணூர் விரைவுச் சாலையிலிருந்து இரண்டு தெரு உள்ளே தள்ளி எங்கள் வீடு. கன்டெய்னர் லாரி போனால் ஜன்னல் கம்பி அதிரும். இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு சத்தம் வராத கம்ப்யூட்டர் தேடுகிறானே என்று சிரிக்காத ஆளில்லை. கம்ப்யூட்டர் சாமான் விற்கும் ரிச்சி தெருவின் கடைக்காரர் ஒருபடி மேலே போய், "ஃபேன் சத்தம் கேட்டாத்தான் சார் மெஷின் ஓடுதுன்னு அர்த்தம்" என்றார்.

எங்களுக்கு இருப்பது ஒரே அறை. ராத்திரி பதினொன்றுக்கு மேல் ஹெட்போன் மாட்டிக்கொண்டு சப்டைட்டில் வேலை பார்ப்பேன். நாலடி தள்ளி மனைவியும் மகளும் தூங்குவார்கள். பழைய மெஷின் திடீரென்று இரையும்போதெல்லாம் குழந்தை புரண்டு படுப்பாள்.

2022 நவம்பரில் புதிதாக நானே பூட்டினேன். ரைசன் 5 5600ஜி ப்ராசஸர், பி550 மதர்போர்டு, 16 ஜிபி ராம், சுற்றும் தட்டு இல்லாததால் சத்தமே போடாத எஸ்எஸ்டி சேமிப்பு. 5600ஜி-யில் கிராஃபிக்ஸ் உள்ளேயே இருக்கிறது, தனி கார்டு வேண்டாம். கார்டு இல்லையென்றால் பாதிச் சத்தம் அங்கேயே போச்சு. பெரிய கேம் ஆடுகிறவர்களுக்கு இது ஒத்துவராது. எக்ஸ்570 மதர்போர்டுகள் பலவற்றில் சிப்செட் என்ற துணைச் சிப்புக்கென்று ஒரு குட்டி ஃபேன் உண்டு, பி550-இல் பொதுவாக இல்லை. ப்ராசஸரோடு வந்த, அதன் சூட்டைத் தணிக்கும் கூலரை எடுத்து வைத்துவிட்டு, 120 மி.மீ. ஃபேன் கொண்ட உயரமான கூலர் போட்டேன். மெஷினுக்குக் கரண்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டி, லோடு குறைவாக இருந்தால் தன் ஃபேனை நிறுத்திவிடும் ரகம்.

முதல் மாதமே ஏமாற்றம். "ம்ம்ம்" என்று ஒரு முனகல் மட்டும் போகவே இல்லை. ஒவ்வொரு ஃபேனாகக் கையால் நிறுத்திப் பார்த்தேன், அது எதிலும் இல்லை. குற்றவாளி, பழைய மெஷினிலிருந்து கொண்டுவந்த ஹார்ட் டிஸ்க். 7200 ஆர்பிஎம், அதாவது நிமிஷத்துக்கு 7200 சுற்று என்றால் நொடிக்கு 120 சுற்று. அந்த அதிர்வு கேபினெட் தகரத்துக்கு ஏறி, அங்கிருந்து இரும்பு மேசைக்கு இறங்கி, மேசையே பாட ஆரம்பித்துவிட்டது. சைக்கிள் கடையில் பழைய ட்யூப் வாங்கி, பட்டையாக வெட்டி, டிஸ்க்கை ஊஞ்சல் மாதிரி கட்டித் தொங்கவிட்டேன். அற்புதமாக வேலை செய்தது, மே மாதம் வரை. சூட்டில் ரப்பர் தொய்ந்து டிஸ்க் தகரத்தில் உட்கார்ந்துவிட்டது. இப்போது அது வெளிப்பெட்டியில் இருக்கிறது. பேக்கப் எடுக்க மட்டும் செருகுவேன்.

காசு செலவில்லாமல் கிடைத்த பெரிய பலன், மதர்போர்டின் அடிப்படை செட்டிங்குகள் இருக்கும் பயாஸில். ஃபேன் ஒரே சீராக ஓடினால் காது அதை மறந்துவிடும். ஏறி இறங்கினால்தான் தூக்கம் கலையும். ஒரு இணையப் பக்கம் திறந்தாலே ப்ராசஸர் ஒரு நொடி சூடாகும், ஃபேன் பதறி ஓடும். அதனால் வேகம் ஏறுவதற்கு முன் சில நொடி பொறுக்கும்படி வைத்தேன். 65 டிகிரி வரை 700 ஆர்பிஎம், அதைத் தாண்டினால் மெதுவாக ஏறட்டும். ப்ராசஸரையும் 45 வாட்டுக்கு மேல் கரண்ட் இழுக்காதபடி கட்டிவைத்தேன். என் வேலைக்கு வித்தியாசமே தெரியவில்லை. மே மாதம் அறையே 36 டிகிரியில் இருக்கும்போது ஃபேன் கொஞ்சம் ஏறத்தான் செய்யும், ஆனால் அப்போது சீலிங் ஃபேன் ஐந்தில் சுற்றும். அதன் சத்தத்தில் இது எங்கே கேட்கிறது?

நான் எதிர்பாராதது கரண்ட். கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது எஸ்எம்பிஎஸ் வண்டு மாதிரி ரீங்கரித்தது. போச்சு, ரிப்பேர் என்றே நினைத்தேன். பழைய சதுர அலை இன்வெர்ட்டரின் வேலை அது. வீட்டுக் கரண்ட் மாதிரியே சீரான அலை தரும் சைன் வேவ் இன்வெர்ட்டருக்கு மாற்றியதும் நின்றது. கம்ப்யூட்டர் பட்ஜெட்டில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், நான் சேர்க்கவில்லை. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது மட்டும் இன்வெர்ட்டரும் உதவவில்லை. மெஷினைப் போர்வையில் சுற்றிப் பரணில் ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தோம்.

அப்புறம் தூசி. லாரிப் புழுதியும் கடற்காற்றின் ஈரமும் சேர்ந்தால் அது தூசியில்லை, பசை. முன்பக்க வலை அடைத்தால் காற்று குறையும், சூடு ஏறும், ஃபேன் இரையும். மெஷின் பழசாகிவிட்டது என்று தோன்றும்; வலையைக் கழுவிக் காயவைத்து மாட்டினால் பழையபடி அமைதி. மூன்று வாரத்துக்கு ஒருமுறை கழுவுகிறேன். போகிக்கு மறுநாள் கட்டாயம். அந்தத் தண்ணீரின் நிறத்தைப் பார்த்து, "ஏங்க, இதைத்தான் நாமளும் மூச்சு விடறோமா?" என்றாள் மனைவி.

பழுது என்று பார்த்தால், கேபினெட்டோடு வந்த பின்பக்க ஃபேன் பதினாலாம் மாதம் கிறீச்சிட்டது. வேறு மாற்றினேன். ப்ராசஸருக்கும் கூலருக்கும் நடுவே சூட்டைக் கடத்தப் பூசும் பேஸ்ட்டையும் இந்த வருஷம் மாற்றலாம் என்று திறக்கப் போனால், பக்கத் தகட்டின் திருகு இரண்டு உப்புக்காற்றில் துருப்பிடித்துத் தலை மழுங்கிவிட்டன. தேங்காய் எண்ணெய் விட்டு வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் வரவில்லையென்றால் மெக்கானிக் கடையில் ட்ரில் இரவல் கேட்கணும்.